ராகிங் கொடுமையும் நமது பொறுப்பும்

புதிய கல்வியாண்டு தொடங்கி, முதலாண்டு மாணவர்கள் பெட்டியும் படுக்கையுமாக விடுதிகளுக்கு வந்து சேரும் காலம் இது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் அவர்களில் கணிசமானவர்கள். வீட்டை விட்டு வந்த முதல் வாரங்களில் அவர்களுக்கு விடுதிக் கதவுகளுக்குப் பின்னால் என்ன நேர்கிறது என்பது நிர்வாகங்களின் கவலை மட்டுமல்ல. அது இடதுசாரி இயக்கத்தின் கவலையும்கூட. நாம் சற்றுத் தாமதமாக உணர்ந்த கவலை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பிரதான விடுதியின் மாடியிலிருந்து விழுந்த வங்க மொழித்துறை முதலாண்டு மாணவர் மறுநாள் உயிரிழந்தார். அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறைவடையவில்லை. விடுதியில் முறைப்படி அறை கிடைக்காததால், வேறொரு மாணவரின் ‘விருந்தினராக’ அவர் தங்கியிருந்தார். கைது செய்யப்பட்டவர்களில் படிப்பை முடித்த பிறகும் விடுதியைக் காலி செய்யாத முன்னாள் மாணவரும் இருந்தார். பல்கலைக்கழகத்துக்கு அப்போது நிரந்தரத் துணைவேந்தர் இல்லை. ஆளுநரும் மாநில அரசும் நியமன அதிகாரத்துக்காக மோதிக்கொண்டிருந்தனர். புதிய மாணவர்களுக்குத் தனி விடுதி, அங்கே மூத்த மாணவர்களின் நடமாட்டத்தைக் கண்காணித்தல் என 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு ஒழுங்குமுறை விதித்திருந்தவை யாவும் காகிதத்திலேயே கிடந்தன.

சட்டங்களுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொடூரமாகக் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கேரளம் 1998இலும், மகாராஷ்டிரம் 1999இலும், மேற்கு வங்கம் 2000இலும் சட்டம் கொண்டுவந்தன. சிதம்பரம் வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் குற்றவாளியை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது 2011இல்தான். நீதிக்காக அந்தப் பெற்றோர் காத்திருந்தது ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். ராகவன் குழுவின் அறிக்கை 2007இல் வெளிவந்தது. ஆனாலும் 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகே மானியக்குழு ஒழுங்குமுறைகளை அறிவித்தது. ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் போன பிறகே ஒரு விதி பிறக்கிறது. அந்த விதியும் மாணவரிடமும் பெற்றோரிடமும் ஆண்டுதோறும் வாங்கப்படும் உறுதிமொழிப் படிவமாகச் சுருங்கிவிடுகிறது. ராகிங் எதிர்ப்புக் குழு ஒன்று இருப்பதாகப் பலகையில் எழுதியிருக்கும். அதன் உறுப்பினர்களில் எத்தனை பேர் இரவில் விடுதிக்குள் காலடி வைத்திருப்பார்கள்?

‘கூச்சத்தைப் போக்குகிறோம்’, ‘உலகத்துக்குத் தயார்ப்படுத்துகிறோம்’ என்று இதற்கு நியாயம் கற்பிப்போர் ஆசிரியர்களிடையேயும் உண்டு. ஆங்கிலேயப் பொதுப்பள்ளிகளில் இளைய மாணவர்களை மூத்தவர்களின் ஏவலாளாக்கிய வழக்கத்தின் வழித்தோன்றல் இது. காலனியம் இறக்குமதி செய்த அந்தப் பழக்கம் இங்கே ஆயத்தமாக இருந்த ஒரு மண்ணில் வேர்விட்டது. எதிரே வருபவரைக் கண்டு தலைகுனிய வேண்டும், கேட்டால் மட்டுமே பேச வேண்டும், சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் இந்தியக் கிராமத்துக்குப் புதியவை அல்ல. விடுதியில் கேட்கப்படும் முதல் கேள்விகளைக் கவனித்தால் போதும்: எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, நுழைவுத் தேர்வில் எத்தனையாவது இடம். கடைசிக் கேள்விக்கான விடையிலிருந்து இட ஒதுக்கீட்டையும், அதன் வழியே சாதியையும் அறிந்துகொள்கிறார்கள். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவி தற்கொலை செய்துகொண்டார். மூத்த மருத்துவர்கள் மூவர்மீது ராகிங் தடைச் சட்டத்தின் கீழும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. சாதி, மதம், மொழி, பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றின் பேரால் செய்யப்படும் துன்புறுத்தலும் ராகிங்தான் என்று 2016ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. அத்திருத்தம் இருப்பதை அறிந்த மாணவர்கள் மிகச் சிலரே.

இதுவரை சொன்னவற்றில் நம்மவர்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்காது. இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம்.

ஜாதவ்பூர் துயரத்தை அடுத்து, திரிணாமுல் தலைமையும் பாஜகவும் பழியை இடதுசாரிகள் மீது சுமத்த முனைந்தன. அந்த அரசியல் நோக்கத்தை நாம் அம்பலப்படுத்தினோம், அது சரியே. ஆனால் 2024 பிப்ரவரியில் வயநாட்டின் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் விடுதியில் இறந்து கிடந்தார். சக மாணவர்கள் முன்னிலையில் அவர் ‘விசாரிக்கப்பட்டு’ அடிக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. கைதானோரில் இடதுசாரி மாணவர் அமைப்பின் கல்லூரிப் பொறுப்பாளர்களும் இருந்தனர். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். அமைப்பிலிருந்து நீக்கியதோடு நம் கணக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் எவரும் எண்ணக்கூடாது. மாணவர் பேரவைத் தேர்தலும் வலுவான மாணவர் அமைப்பும் உள்ள வளாகத்தில் ராகிங் தலைதூக்காது என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தோம். பூக்கோட்டில் பேரவை இருந்தது, அமைப்பும் இருந்தது. விடுதியின் மற்ற மாணவர்களும் இருந்தார்கள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை. போட்டியில்லாத செல்வாக்கு ஒரு வளாகத்தில் நிலைபெறும்போது, அமைப்பின் பொறுப்பு என்பது ‘சீனியர்’ அதிகாரத்தின் இன்னொரு பெயராகிவிடும் ஆபத்து இருக்கிறது. இதை எதிரிகளின் அவதூறு என்று ஒதுக்கித் தள்ள முடியாது.

இதற்காக மாணவர் அமைப்புகளைத் தடை செய்ய வேண்டும், ஒவ்வொரு மூலையிலும் கேமரா பொருத்த வேண்டும் என்போரின் பக்கம் நாம் சேரப்போவதில்லை. அரசியலே நுழையாத தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளிலும் இக்கொடுமை நடக்கிறது. அங்கே நிறுவனத்தின் பெயரைக் காக்கப் புகார்கள் மூடி மறைக்கப்படுகின்றன. கேமரா வாசலைப் பார்க்கும்; பூட்டிய அறைக்குள் நடப்பதை அது பார்க்காது. தேவைப்படுபவை செலவு பிடிக்கும் ஏற்பாடுகள்: சேர்க்கை நாளிலேயே அறை ஒதுக்கும் அளவுக்கு விடுதிகள், முழுநேரக் காப்பாளர்கள், நிரப்பப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள். கல்விக்கான பொதுச் செலவை வெட்டும் ஒன்றிய அரசு, ‘தீக்ஷாரம்ப்’ என்று சமஸ்கிருதப் பெயர் சூட்டி அறிமுகப் பயிற்சிக்கு வழிகாட்டி நூல் அச்சிடுகிறது. காப்பாளர் இல்லாத விடுதிக்கு அந்நூலால் என்ன பயன்?

மாணவர் முன்னணியின் கிளைகள் இந்தக் கல்வியாண்டிலேயே செய்யத்தக்க வேலைகள் உள்ளன. புதியவர்களை அணுகும்போது முதலில் உறுப்பினர் படிவத்தை நீட்டாமல், அறை கிடைத்ததா, உதவித்தொகை விண்ணப்பம் போட்டாயிற்றா, இரவில் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். விடுதிக் குழுக்களில் முதலாண்டு மாணவர்களுக்கும், தலித், பழங்குடி மாணவர்களுக்கும், மாணவிகளுக்கும் இடம் இருக்க வேண்டும். நம் அமைப்பைச் சேர்ந்தவர்மீது புகார் வந்தால், மாவட்டக் குழு அதை வளாகக் கிளையிடம் திருப்பி அனுப்பாமல் தானே விசாரிக்க வேண்டும். காவல் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவரைத் தடுக்கும் எந்த ‘சமரசமும்’ கூடாது. பிள்ளைகளை வெளியூர் விடுதிகளில் சேர்த்திருக்கும் தோழர்கள் தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண்ணான 1800-180-5522ஐ அவர்களுக்குக் கொடுத்து வையுங்கள். தொலைபேசியில் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று பிள்ளை சொன்னாலும், முதல் மாதத்தில் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.