75 குதிரையை மேய்க்கத் தெரியாதவருக்கு எதற்கு 100?

"மச்சி, கம்பெனிக்காரன் வேணும்னே பவரை லாக் பண்ணி வச்சிருக்கான்டா. லேப்டாப்பை மாட்டினா அரை மணி நேரத்துல 25 குதிரை எக்ஸ்ட்ரா!"

கல்லூரி வாசல் டீக்கடைகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவரிடம் பெரும்பாலும் சொந்தக் கார் இருக்காது. அப்பா தவணை கட்டிக்கொண்டிருக்கும் கார் இருக்கும். அதன் டயர் வழுக்கையாகி ஒரு வருடம் ஆகியிருக்கும். பிரேக் ஆயில் என்று ஒன்று உண்டு, அதையும் மாற்ற வேண்டும் என்ற செய்தியே அவரை எட்டியிருக்காது. ஆனால் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 மட்டும் மனப்பாடம்!

உடனே யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எஞ்சின் ட்யூனிங் ஓர் அருமையான கலை. தமிழ்நாட்டுக்கு அதில் பெரிய சரித்திரமே உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டிய ஊர் இது. கோயம்புத்தூர்க்காரரான கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்கள் செய்தது ட்யூனிங். இன்று ரோட்டில் பலர் செய்வது வேறு.

முதலில் இந்த 'லாக்' கதையைப் பார்ப்போம்.

எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்ப். உள்ளே எவ்வளவு காற்று போகிறதோ அந்த அளவுக்குத்தான் எரிபொருளை எரிக்க முடியும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது வெளியே இருக்கும் காற்றழுத்தம். லேப்டாப்பை மாட்டினால் அது கூடிவிடாது! ஸ்பார்க் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம். சில சதவீதம் கிடைக்கும். அதற்கு மேல் தள்ளினால் பெட்ரோல் தானாகவே வெடித்து 'நாக்கிங்' தொடங்கும். பிஸ்டன் உடைவது அப்படித்தான். ஆக, டர்போ இல்லாத காருக்கு ரீமேப், சத்தம் போடும் சைலன்சர், சிவப்பு ஃபில்டர் எல்லாம் சேர்த்துப் பல்லாயிரம் செலவழித்தால் கிடைப்பதில் பெரும்பங்கு சத்தம்தான். காது நம்புகிறது, ஸ்டாப்வாட்ச் நம்புவதில்லை.

டர்போ எஞ்சின் விஷயம் வேறு. அங்கே காற்றை அமுக்கித் தள்ளும் அளவையே சாஃப்ட்வேர்தான் தீர்மானிக்கிறது. அதனால் ரீமேப் செய்தால் உண்மையிலேயே பவர் கூடும். 20 சதவீதம்கூடச் சாத்தியம். இதை மறுப்பவர் பொய் சொல்கிறார். ஆனால் "அப்போ கம்பெனி ஏன் விட்டு வைத்தது?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் டீக்கடையில் பதில் கிடைக்காது.

ஒரு காலத்தில் இந்திய ரோடுகளையே ஆண்ட ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1,248 சி.சி. மாருதி ஸ்விஃப்டில் 75 குதிரை. அதே எஞ்சின் எஸ்எக்ஸ்4-லும் எர்டிகாவிலும் 90 குதிரை. "பாத்தியா, லாக்!" என்பதற்கு ஊரே காட்டிய சாட்சி இதுதான். ஆனால் 90 குதிரைக்காரனில் இருந்த டர்போ வேறு. இறக்கைகளின் கோணம் மாறும் வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ அது. 75-ல் இருந்தது சாதாரண டர்போ. இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சாஃப்ட்வேரால் மட்டும் அந்த இடைவெளியைத் தாண்டினால், அந்த 15 குதிரைக்கான கூலியை டர்போவும் கிளட்சும் கொடுக்கும்.

இன்னொரு வேடிக்கை 'ட்யூனிங் பாக்ஸ்'. எரிபொருள் ரெயிலின் பிரஷர் சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி. பலவற்றின் வேலை ஒன்றே ஒன்றுதான்: பொய் சொல்வது! உள்ளே இருப்பதைவிடக் குறைவான பிரஷர் இருப்பதாக அது சொல்லும். இ.சி.யு. அதை நம்பி இன்னும் பிரஷரைக் கூட்டும். டாக்டரிடம் காய்ச்சலைக் குறைத்துச் சொல்லிவிட்டு மருந்து வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கம்பெனி விட்டு வைக்கும் அந்த இடைவெளிக்குக் காரணம் இருக்கிறது. மே மாதத்தில், ஐந்து பேரும் லக்கேஜும் ஏற்றி, ஏசி போட்டு, இரண்டாவது கியரில் ஊட்டிக்கு ஏறும் காரை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்தும். 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அதே அழுத்தத்தில் காற்றைத் தள்ள டர்போ அங்கே இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். போட்ட டீசல் எந்த பங்க்கிலோ? கடைசி சர்வீஸ் எப்போதோ? இத்தனையும் தாங்கி லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றுதான் அந்த இடைவெளி. அதைப் 'பூட்டி வைத்த பவர்' என்பது, வீட்டில் அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தைச் செலவழிக்கத் தெரியாத முட்டாள்தனம் என்பதைப் போல.

சரி, எஞ்சின் தாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிடைத்தது என்ன?

காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான பவர், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதனால் 20 சதவீதம் பவர் கூடினால் உச்ச வேகம் கூடுவது சுமார் 6 சதவீதம்தான். 160-ல் நின்ற கார் 170-ல் நிற்கும். அந்த 170-ஐ எந்த ரோட்டில் ஓட்டப் போகிறார்? மாடு குறுக்கே வரும், ஒன்வேயில் டிராக்டர் எதிரே வரும் பைபாஸிலா? "உச்ச வேகம் யாருக்கு வேணும், ஓவர்டேக் பண்ணத்தான்" என்பார். நியாயமான பதில். பவர் உண்மையாக உதவும் இடம் அதுதான். ஆனால் முன்பு 80-ல் முடித்த ஓவர்டேக்கை இப்போது 100-ல் முடிப்பார். 80-க்கும் 100-க்கும் வித்தியாசம் 25 சதவீதம் என்று கண்ணுக்குத் தெரியும். பிரேக்குக்குத் தெரிவது 56 சதவீதம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இது பள்ளிக்கூடப் பாடம். அத்தனையையும் சூடாக மாற்றி விழுங்க வேண்டியது அதே பழைய பிரேக், அதே வழுக்கை டயர்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1.68 லட்சம் பேர். மத்திய அரசின் கணக்குப்படி அதில் பத்துக்கு ஏழு பேர் அதிவேக விபத்துகளில் போனவர்கள். அவை எல்லாம் ட்யூன் செய்த கார்கள் இல்லை என்பது உண்மைதான். அதுதான் பயமே. கம்பெனி கொடுத்த பவரிலேயே இந்த லட்சணம்!

நிஜமான எஞ்சினியர்கள் பவரைக் கூட்டும்போது என்ன செய்கிறார்கள்? 2018-ல் டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்ற காரை விற்றன. 85 குதிரை டியாகோ 114 குதிரையானது. டர்போ பெட்ரோல் எஞ்சின் மட்டுமா மாறியது? கியர் விகிதம், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் கூடவே மாறின. பவர் என்பது விருந்தாளி மாதிரி. தனியாக வராது, குடும்பத்தோடு வரும். எல்லோருக்கும் இலை போட வேண்டும்.

அடுத்து புகை. பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரலில் வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. 'ஸ்டேஜ் 2' என்ற பெயரில் அதைக் கழற்றி எறிவது இன்று பெருமை. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் சாஃப்ட்வேரை வைத்துப் புகைப் பரிசோதனையை ஏமாற்றியது வெளியானபோது உலகமே காறித் துப்பியது. 1.1 கோடி கார்கள். அன்று அந்தக் கம்பெனியைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இன்று தன் காரின் ஃபில்டரைத் தானே காசு கொடுத்துக் கழற்றுகிறார்கள்? கம்பெனி செய்தால் மோசடி, நாம் செய்தால் 'மாட்' என்றா? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. பின்னால் டிவிஎஸ் 50-ல் குழந்தையோடு வருபவர் எந்த ஸ்டேஜையும் கேட்கவில்லை.

"கார் என்னுது, காசு என்னுது" என்பார்கள். காசு அப்பாவுடையது என்பதை விட்டுவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர். அதாவது, மகன் லேப்டாப்பை மாட்டியதே தெரியாத அப்பா! விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரின் முன் கை கட்டி நிற்பவரும் அவரே.

அப்படியானால் ஆசையை என்ன செய்வது? ஆசை தப்பில்லை. வரிசைதான் தப்பு.

முதலில் டயர். பிறகு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதன் கொதிநிலை இறங்கும், கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பெடல் மெத்தை மாதிரி அமுங்கும். மூன்றாவது, டிக்கியில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை இறக்குவது. எடை குறைந்தால் முடுக்கம், பிரேக், மைலேஜ் மூன்றும் கூடும், செலவு பூஜ்யம். நான்காவது, ஒரு நாள் ரேஸ் டிராக்கில் பயிற்சி. இருக்கும் 75 குதிரையில் எத்தனை தான் இதுவரை ஓட்டவில்லை என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். இவை எல்லாம் முடிந்தும் ஆசை மிச்சமிருந்தால், டிராக்குக்கென்றே ஒரு பழைய வண்டி வாங்கி ட்யூன் செய்யலாம். அப்போதும் ஒரே டைனோவில் முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். முன் அளவு எடுக்காமல் பின் அளவை மட்டும் நீட்டுபவர் விற்பது குதிரை இல்லை, குதிரைப் படம்.

அடுத்த முறை டீக்கடையில் அந்த வசனம் கேட்டால் வாதாட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். ஒரே ஒரு கேள்வி போதும்.

"மச்சி, உன் டயர் எந்த வருஷத்துதுடா?"

பதில் தெரியாமல் குனிந்து பார்க்கப் போனால், அவருக்கு ரீமேப் இப்போதைக்கு வேண்டாம்!