கவுரவத் தோற்றம்: யாருடைய கவுரவம்?

2022 ஜூனில் 'விக்ரம்' படம் வந்தபோது நம்ம தெருப் பையன்களோடு நானும் தஞ்சாவூருக்குப் போய்ப் பார்த்தேன். ஆத்தா நாத்துப் பறிச்சுக் கொண்டாந்த கூலியிலேர்ந்து டிக்கெட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தவன்தான் பாதிப் பேர். படம் முடியப் போகிற நேரத்தில் சூர்யா வருகிறார். ரோலக்ஸ் என்று பேர். சில நிமிடங்கள்தான். கொட்டகை மொத்தமும் எழுந்து நின்றது. விசில், கத்தல், காகிதம் பறக்குது. நானும் எழுந்து நின்றேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்ட பையன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'கடைசில சூர்யா வந்தாரு அப்பாயி, எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம்.' அது கேட்டது: 'நாங்க ஆண்டை வந்தா எந்திரிப்போம். துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கணும். எந்திரிக்காட்டி அடி. ஒங்கள யாருடா அடிச்சா? காசும் குடுத்துட்டு எந்திரிக்கிறீங்க?'

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாயியின் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நட்சத்திரம் இன்னொருவர் படத்தில் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போவதற்கு நம் சினிமா வைத்திருக்கும் பெயர் கவுரவத் தோற்றம். பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது. அவர் நடிக்க வரவில்லை, கவுரவம் கொடுக்க வருகிறார். அவர் வருவதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் யார் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தெரிந்த தனம்தான் சரக்கு. இருபது வருசமாக நாம் கைதட்டிச் சேர்த்து வைத்ததை ஒரே நிமிடத்தில் முதலாளி நம்மிடமே விற்கிறார். முதலும் நம்முடையது, வட்டியும் நாமே கட்டுகிறோம்.

முன்பு இது எப்போதாவது நடந்தது. இப்போது இதுவே தொழில். 'கைதி' (2019), 'விக்ரம்' (2022), 'லியோ' (2023) என்று படத்துக்குப் படம் பாத்திரங்கள் தாண்டிப் போகிற ஓர் உலகத்தை லோகேஷ் கனகராஜ் கட்டினார். தொலைக்காட்சித் தொடர்களில் ரெண்டு குடும்பத்தை ஒரே கல்யாணத்தில் கொண்டுவந்து மோத விடுவார்கள், மகாசங்கமம் என்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் அய்ந்து பகுதிகளாக ஒரு பெரிய மகாசங்கமம் நடந்தது. ஃபிளாஷ், சூப்பர்கேர்ள், ஆரோ என்று தனித்தனித் தொடர்களின் அதிமனிதர்கள் ஒரே கதையில் கூடினார்கள். 1966-ல் பேட்மேனுக்குத் துணையாக ராபின் வேடம் போட்ட பர்ட் வார்ட் கிழவராகி, நாயைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் வந்துபோனார். உலகங்கள் அழிகிற கதை. அழிகிற உலகத்தின் சனங்களை யாருக்கும் தெரியாது. அழியும்போது அங்கே எந்தப் பழைய நடிகர் நிற்கிறார் என்பதைத்தான் ரசிகர்கள் எண்ணினார்கள்.

2023 ஆகஸ்ட் 10 அன்று 'ஜெயிலர்' வந்தது. கன்னடத்திலிருந்து சிவராஜ்குமார், மலையாளத்திலிருந்து மோகன்லால், இந்தியிலிருந்து ஜாக்கி ஷெராப். மூன்று பேர், மூன்று சந்தை. அதே மாதம்தான் காவிரித் தண்ணீர் கேட்டுத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்ததை நம்பிக் குறுவை போட்ட வயல்கள் தண்ணீர் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தன. கர்நாடகத்திலிருந்து தண்ணி வரல, ஆள் வந்துட்டாரு. நாமும் எந்திரிச்சு நின்னு கைதட்டினோம். காய்ந்த வயலின் சொந்தக்காரருக்குப் பயிர்க்காப்பீடாவது பேசப்பட்டது. நடவும் களையும் போன நம்ம பொம்பளைகளின் கூலி நாளுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. அது எந்தச் செய்தியிலும் தோற்றம் கொடுக்கவில்லை.

பிறகு 2025 ஆகஸ்டில் ஒரு படம் வந்தது. பெயர் 'கூலி'. இந்தச் சொல்லைக் கேட்டால் கீழத்தஞ்சையில் பிறந்தவனுக்கு முதலில் ரஜினி நினைவுக்கு வரக் கூடாது. இந்தச் சொல்லுக்காகத்தான் 1944-ல் மன்னார்குடியில் பண்ணையார்களை உட்கார வைத்து ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிக்கப்பட வேண்டும் என்பதைக் கூலியோடு சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. இந்தச் சொல்லுக்காகத்தான், அரைப்படி நெல் கூடக் கேட்டு, செங்கொடியை இறக்க மாட்டோம் என்று சொன்னதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள்.

'கூலி' படத்தின் கதையிலும் ஆட்களை எரிக்கிறார்கள். பிணத்தைத் தடயமில்லாமல் சாம்பலாக்கும் ஓர் எந்திரம் கதையின் நடுவில் இருக்கிறது. துறைமுகக் கூலிகள் சாகிறார்கள். ஆனால் படம் முடிந்து வெளியே வந்தவனைக் கேட்டுப் பாருங்கள். நாகார்ஜுனா வந்ததைச் சொல்வான், உபேந்திரா வந்ததைச் சொல்வான், கடைசியில் அமீர்கான் வந்ததைச் சொல்வான். செத்த கூலிகளில் ஒருத்தன் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். தலைப்பு நம்முடையது, தோற்றம் அவர்களுடையது.

இதைத்தான் கவுரவமற்ற தோற்றம் என்கிறேன். கவுரவத் தோற்றம் போடுகிறவர் அஞ்சு நிமிடம் வந்தாலும் பேர் இருக்கும். நம்ம ஆள் படம் முழுக்க நின்றாலும் பேர் இருக்காது. அடியாள், கூட்டம், குடிசை, ஒப்பாரி. நாயகன் நுழையும்போது பறை முழங்கும். அடிக்கிறவன் முகத்தைக் காட்டாமல் கேமரா நாயகனின் செருப்பிலிருந்து மேலே ஏறும்.

ஆண்டைகளின் வருகையும் போகையும் வெறும் சினிமா சமாச்சாரம் இல்லை. வெண்மணி வழக்கை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினம் கீழ் நீதிமன்றம் 1970-ல் நிலக்கிழார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், ஆட்களை ஏவிவிடாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. பெரிய மனுசன் வந்தால் அது கவுரவம். கொலை செய்ய வந்தால் கவுரவம் கெட்டுவிடும். ஆகவே அவர் வரவில்லை! பார்த்த சனம் சொன்ன சாட்சியைவிட மிராசுதாரின் அந்தஸ்து பெரிய சாட்சியாகிவிட்டது. யார் எங்கே தோன்றுவார், எங்கே தோன்ற மாட்டார் என்பதைச் சாதியும் சொத்தும் தீர்மானிக்கும் நாட்டில், கவுரவத் தோற்றம் என்பது சும்மா ஒரு பொழுதுபோக்கு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

எழுத்திலும் இதுதான் நடந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வெண்மணியை வைத்து எழுதப்பட்டது, 1977-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. அதில் பண்ணையாரின் ஆண்மைக்குறைவு கதையின் அச்சாக மாறியது. அரைப்படி நெல் ஓரத்துக்குப் போனது. எரித்தவன் மனசுக்குள் போய்ப் பார்க்க இடம் இருந்த கதையில், எரிந்தவர்கள் வந்துபோகிறவர்களானார்கள். 1983-ல் வந்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படத்துக்கும் அந்த நாவல்தான் மூலம்.

இதுவரை அடுத்தவனைத் திட்டியாயிற்று. இனி நம் பக்கம் வருவோம்.

தோழர்களே, இன்றைக்குப் படம் பார்த்துவிட்டு வருகிற நம் மாணவர்கள் என்ன பேசுகிறார்கள்? 'அந்தக் காட்சியில சுவத்துல அம்பேத்கர் படம் இருந்துச்சு, கவனிச்சியாண்ணே?' 'நீலக் கொடி ஒரு செகண்டு வந்துச்சுண்ணே.' அம்பேத்கரையும் கவுரவத் தோற்றம் ஆக்கிவிட்டார்கள். அவரைச் சுவரில் மாட்டிவிட்டு அதே படத்தில் சேரிக்காரனை ரவுடியாகக் காட்டினால் நாம் சண்டை போட மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நாமும் புள்ளி எண்ணுகிற ரசிகன் ஆகிவிட்டோம். ரஞ்சித் படத்தில் அம்பேத்கர் இருப்பது வேறு. அங்கே அவர் வீட்டு ஆள், அந்த மனிதர்கள் அவரைப் படித்துத்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துப்போய் மாட்டுகிறார்கள்.

டிசம்பர் 25 அன்று வெண்மணியிலும் பாருங்கள். வெள்ளை வேட்டிகள் காரில் வருகின்றன. மாலை, முழக்கம், புகைப்படம். அரை மணி நேரம். அவர்கள் போன பிறகு ஊர் அங்கேயேதான் இருக்கிறது. நிலம் யார் கையில் என்ற கேள்வியும் அங்கேயேதான் இருக்கிறது. நம் இயக்கத் தலைவர்கள் வரும்போதும் எழுச்சிப் பாட்டு, பட்டாசு, பதாகை என்று நாயகன் நுழைவைத்தானே நாம் நடத்துகிறோம்? சினிமாவை மட்டும் குறை சொல்வதற்கு நமக்கு வாய் இருக்கிறதா?

அப்படியானால் பாத்திரங்கள் படம் தாண்டக் கூடாதா? தாண்டட்டும். ஒரு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்தில் இசக்கி என்று ஒருத்தன். வடிவேலு நடித்தார். சின்ன ஆண்டை சொன்னதற்காகக் கோயில் பூட்டை உடைக்கிறான், அதற்காகக் கையை இழக்கிறான். கையிழந்த இசக்கியைப் பார்த்து அழுதோம், பிறகு கதை பெரிய வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. 31 வருசம் கழித்து 2023-ல் அதே வடிவேலு 'மாமன்னன்' ஆக வந்தார். அந்த இசக்கிதான் என் மாமன்னன் என்ற பொருளில் மாரி செல்வராஜ், கமல்ஹாசன் உட்கார்ந்திருந்த மேடையிலேயே சொன்னார். இது சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் ஆதிக்க சாதிக்காரன் முன்னால் நாற்காலியில் உட்காராத அப்பனை மகன் உட்காரச் சொல்கிற படம். ஒரு பாத்திரம் படம் தாண்டி வந்து பழைய கணக்கைக் கேட்டது. கைதட்டு வாங்க வந்தவன் இல்லை இசக்கி, இடம் கேட்க வந்தவன்.

அந்த அமெரிக்கத் தொடரிலும் ஒன்றைக் கவனித்தேன். கறுப்பினக் குடும்பத்தின் கதையான 'பிளாக் லைட்னிங்' நாயகனையும் அதில் சேர்த்தார்கள். அவன் உலகம் அழிகிற நேரத்தில் அவனை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். முதலில் கோபம்தான் படுகிறான். கடைசியில் ஒரு மேசையைச் சுற்றி நாற்காலிகள் போடப்படுகின்றன. அதில் ஒன்று அவனுக்கு. வந்துபோனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நாற்காலி போட்டார்களா என்றுதான் பார்த்தேன்.

நாற்காலி நமக்குச் சின்ன விசயம் இல்லை. ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக 1997-ல் மேலவளவு முருகேசன் வெட்டப்பட்டார். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படத்தை நாடே பார்த்தது. அவர் தலைவர். கூட்டம் அவருடையது. தரையில் தோற்றம்!

ஆகவே பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் பாருங்கள், விசிலும் அடியுங்கள். சூர்யா வந்தால் சந்தோசப்படுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தில் செத்தவன் பேர் என்ன? கூலி வாங்கினானா? உட்கார்ந்தானா? பதில் இல்லாத படத்துக்கு ரெண்டாவது தடவை டிக்கெட் வாங்காதீர்கள். நம் மேடைக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும். வெண்மணிக்கு வருகிற தலைவரை வழிமறித்து, இந்த ஊருக்கு மனை எவ்வளவு, நிலம் எவ்வளவு, போன வருசம் சொன்னது என்னாச்சு என்று கேளுங்கள்.

அப்பாயி போன வருசம் இறந்துபோச்சு. அதுக்கு எந்தப் படத்திலும் தோற்றம் இல்லை. நடவு வயலில் குனிந்த முதுகாக எங்காவது தூரத்தில் வந்திருக்கலாம். ஆனால் கடைசிக் காலத்தில் அது ஒரு பழக்கம் வைத்திருந்தது. தெருவுக்கு யார் வந்தாலும், கட்சிக்காரன், அதிகாரி, பண்ணை வீட்டுப் பேரன், யாராயிருந்தாலும், திண்ணையில் உட்கார்ந்தபடியே 'வாங்க' என்று சொல்லும். எந்திரிக்காது.