தியாகராஜருக்கு யார் சொந்தக்காரர்?

நவராத்திரி கொலுவில் பேத்தி பாடிய தியாகராஜர் கீர்த்தனையைச் செல்போனில் பிடித்து, ஒரு வீடியோ தளத்தில் போட்டேன். மறுநாளே எடுத்துவிட்டார்கள். ஏதோ ஓர் ஆடியோ கம்பெனிக்குப் பதிப்புரிமையாம்! "நான் திருடினேனா தாத்தா?" என்கிறாள் குழந்தை.

தியாகராஜர் மறைந்தது 1847-ல். நம் சட்டப்படி, இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பாட்டு பொதுச்சொத்து. கம்பெனிக்குச் சொந்தம் அவர்கள் செய்த ஒலிப்பதிவு மட்டுமே; என் பேத்தியின் குரல் அல்ல.

2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளைப் படித்துப் பார்த்தேன். புகார் சரியென்று திருப்தி ஏற்பட்டால் 36 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்பப் போடலாம். கவனியுங்கள்: எடுப்பதற்கு 'வேண்டும்', போடுவதற்கு 'லாம்'! ஆபீஸ் ஃபைல்களோடு காலம் கழித்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?

இங்கே திருப்தி அடைந்தது யார்? மெட்டு ஒத்துப்போனால் மணியடிக்கும் இயந்திரம்தான் என்று நினைக்கிறேன். ஆட்சேபம் எழுதி இரண்டு மாதமாகிறது, பதிலே இல்லை.

திருட்டைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கும் முன் ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்கட்டும். கெடு முடிந்தால் திரும்பப் போடுவதும் 'வேண்டும்' என்று ஆகட்டும்.