விழிஞ்ஞம் கடலோர மாணவர்களுக்கான கற்பித்தல் ஏற்பாடுகள் கோரும் மனு

அனுப்புநர்:
கல்லூரி மாணவர்களின் பெற்றோர் சங்கத்தினர்,
விழிஞ்ஞம், திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வித் துறை, திருவனந்தபுரம்.

பொருள்: மீன்பிடி சீசனில் வகுப்பைத் தவறவிடும் முதலாண்டு மாணவர்கள் – கற்பித்தல் முறையில் மாற்றம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளித்துள்ள உரிமையின்படி இம்மனுவைத் தமிழில் அளிக்கிறோம்.

நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024 ஜூலை 1 அன்று மாநிலமெங்கும் தொடங்கியது. ஜூலை என்றால் விழிஞ்ஞத்தில் சீசன். இழுவைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை தடை. தடையில்லாத வள்ளங்களோ மழைக்காலக் கடலுக்கு அஞ்சி, அலைதடுப்புச் சுவருள்ள எங்கள் துறைமுகத்துக்குப் பூந்துறை, வலியதுறை போன்ற கரைகளிலிருந்தும் வந்து சேரும். வீட்டுக் கடன் அடைவது இந்த வாரங்களில்தான். பையன்கள் வள்ளத்துக்கோ ஏலத்துக்கோ போகிறார்கள். தாய் மீன் விற்கப் போவதால் வீட்டுப் பொறுப்பு பெண்பிள்ளைகள் தலையில் விழுகிறது. அவர்கள் கல்லூரிக்குத் திரும்பும்போது அடிப்படைப் பாடங்கள் நடந்து முடிந்திருக்கும்.

பாடத்தைக் குறைக்கும்படியோ மதிப்பெண்ணைக் கூட்டித் தரும்படியோ நாங்கள் கேட்கவில்லை. 75 சதவீத வருகை விதியைத் தளர்த்தவும் கேட்கவில்லை. அதில் எங்கள் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு.

நாங்கள் முதலில் கேட்பது, வாரந்தோறும் முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடம். புத்தகத்தை மூடிவைத்து, போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி, போன மாதப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி. இது எங்கள் கற்பனையல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கோ 61. இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வந்தால் பார்த்தெழுதுவதும் வந்துவிடும். விடுபட்டது எது என்று மாணவருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்தால் போதும்.

அகமதிப்பீட்டு விடைத்தாள்களைப் பிழையைச் சுட்டும் ஒருவரிக் குறிப்போடு ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பருவம் முடிந்தபின் வரும் தாளால் பயனில்லை.

பின்தங்கும் மாணவர்களுக்கான ஸ்காலர் சப்போர்ட் புரோகிராம் உங்கள் துறையின் திட்டமே. முதல் பருவ முடிவு வரட்டும் என்று காத்திராமல், ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே ஜூலைப் பாடங்களுக்கு அதைத் தொடங்க வேண்டுகிறோம். மாலையில் வேண்டாம், பகலிலேயே நடத்துங்கள். இருட்டியபின் பெண்பிள்ளைகளை நாங்களே அனுப்பமாட்டோம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பத்து நிமிட ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் வர வேண்டும். வீடியோ வேண்டாம், ஒரே போனை வீடு முழுதும் பயன்படுத்துகிறது, டேட்டா தீர்ந்துவிடும். தமிழிலோ மலையாளத்திலோ படித்து வந்தவர்களுக்கு விளக்கம் தாய்மொழியில் இருக்கட்டும். தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலக் கலைச்சொற்களை அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளின் முதல்வர்களோடு மே மாதத்துக்குள் விழிஞ்ஞத்தில் ஒரு கூட்டம் நடத்தித் தர வேண்டுகிறோம். ஜூனில் வைத்தால் எங்களில் பாதிப்பேர் கரையில் இருக்கமாட்டோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: துணைவேந்தர், கேரளப் பல்கலைக்கழகம்.