தகவல் யார் போனுக்கு வருகிறது?

ரயில் ரத்து, தாமதம் என்றால் இப்போதெல்லாம் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்துவிடுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது யார் போனுக்கு வருகிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா, தோழிகளே?

முன்பதிவு செய்யும்போது கொடுத்த நம்பருக்குத்தான் வரும். டிக்கெட் எடுப்பது வீட்டுக்காரர், இல்லாவிட்டால் பையன், அதுவும் இல்லாவிட்டால் ஏஜென்ட். பிள்ளைகளையும் பையையும் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பது நாம். தகவல் போவதோ, ஆபீஸில் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அவருக்கு! முன்பதிவில்லாத பெட்டியில் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். கவுன்ட்டரில் அவர்களிடம் நம்பரே கேட்பதில்லை. பூக்கூடையோடு தினமும் ரயிலேறும் பெண்களுக்கு யார் சொல்வார்கள்?

மற்ற நாளில் இது சின்ன விஷயம். வெள்ளம் வந்தால் அப்படியில்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுபோனது ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி, மண் எல்லாவற்றையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் சமயத்தில் ரயிலை நிறுத்திவைத்தார், அதனால் உயிர்கள் தப்பின. அவருக்குக் கோடி புண்ணியம். சுமார் 800 பயணிகள். மீட்பு வேலை முடிய 19-ம் தேதி ஆகிவிட்டது. சுற்றிலும் வெள்ளம், கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை. சோறு பொங்கிக் கொண்டுவந்து கொடுத்தது பக்கத்து ஊர் ஜனங்கள்தான்!

அதே வருஷம் அக்டோபரில் ஒருநாள் நம் போன்கள் திடீரென்று அலறினவே, அது அரசாங்கம் செய்து பார்த்த சோதனை. அந்த முறைக்கு யார் நம்பரும் தேவையில்லை. குறிப்பிட்ட டவர்களின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் தகவல் போய்ச் சேரும். பெரிய மழை, புயல் என்றால், டவர் படுப்பதற்கு முன்பே, ஸ்டேஷனைச் சுற்றியுள்ள இடங்களுக்கு "இன்று இந்த ரயில் போகாது, கிளம்பி வராதீர்கள்" என்று தமிழிலேயே அனுப்பலாமே? இங்கிலீஷ் எஸ்.எம்.எஸ்.ஸை ஆத்தாளும் பாட்டியும் யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள்?

டவரே படுத்துவிட்டால் வாயால் சொல்வதுதான் வழி. எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது என்று சின்ன ஸ்டேஷன்களில் ஒலிபெருக்கியையும் ஆளையும் குறைத்துவிடக் கூடாது. ஒலிபெருக்கிக்கு பேட்டரியும் வைத்திருக்க வேண்டும்.

நம் பங்குக்கு, அடுத்த தடவை டிக்கெட் எடுக்கும்போது பயணம் போகிறவர் நம்பரையே கொடுக்கச் சொல்லி வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஏஜென்ட் என்றால் பக்கத்தில் நின்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். மற்றதை ரயில்வே இலாகா கவனிக்குமா?

— ஒரு வாசகி, திருநெல்வேலி