காடும் வீடும் காப்போர்

முன்னோர் விட்டுச்சென்ற வீட்டைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதை நம் குடும்பங்களில் எவரும் மறுப்பதில்லை. ஆனால் ஊருக்கே பொதுவான பழைய கட்டடத்தையும் மலைக்காட்டையும் பேணுவது யார் கடமை என்று கேட்டால், அரசு பார்த்துக்கொள்ளும் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆர்வமுள்ள சிலர் முன்வந்து முயன்ற பின்னரே அரசும் கைகொடுத்தது என்பதைப் பல இடங்களில் காண்கிறோம்.

இங்கிலாந்தில் 1895-ஆம் ஆண்டு, ஏழைகளின் குடியிருப்புக்காக உழைத்த ஆக்டேவியா ஹில் அம்மையாரும், சர் ராபர்ட் ஹண்டர் என்ற வழக்கறிஞரும், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவும் கூடித் தேசிய அறக்கட்டளையை நிறுவினர். பழம்பெரும் வீடுகளையும் எழில்மிகு நிலங்களையும் மக்கள் அனைவருக்காகவும் காப்பதே அதன் நோக்கம். நம் நாட்டில் இத்தகைய பணிக்கென 1984-இல் இன்டாக் நிறுவனம் தோன்றியது.

நீலகிரியிலோ அதற்கு வெகு முன்பே, 1877-இல் ஒரு சங்கம் அமைந்துவிட்டது. அதை அமைத்தவர்கள் வேட்டைக்காரர்கள் என்பது வியப்பன்றோ! வேட்டை விலங்குகள் அருகிவிடும் என்ற அச்சமே அவர்களைத் தூண்டிற்று. 1879-இல் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பிறந்தது. காலப்போக்கில் நோக்கம் உயர்ந்தது. நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் எனப் பெயரும் மாறிற்று. அதன் கௌரவச் செயலாளராயிருந்த ஈ. ஆர். சி. டேவிதார் 1970-களில் மலைமுகடுகளில் நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார். தன்னலத்தில் தொடங்கிய முயற்சியும் பொதுநலமாகக் கனியலாம் என்பதற்கு இது சான்று.

கட்டடங்களுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் எழுப்பிய வீடு பாழடைந்து கிடந்தது. உள்ளூர் ஆர்வலர்களும் மாவட்ட நிருவாகமும் எடுத்த முயற்சியால் அது சீரமைக்கப்பெற்று, இன்று நினைவகமாக விளங்குகிறது.

இனி ஓவேலிக்கு வருவோம். கூடலூர்ப் பகுதியிலுள்ள இப்பள்ளத்தாக்கின் பெயரிலேயே வரலாறு ஒளிந்திருக்கிறது. 1845 முதல் இங்கே காட்டைத் திருத்திக் காப்பித் தோட்டம் அமைத்தவர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி. ஆக்டர்லோனி வேலி என்பதே ஓவேலி எனச் சுருங்கிற்று. மலபாரோடு சேர்ந்திருந்த இப்பகுதி 1873-இல் நீலகிரியுடன் இணைந்தது. காப்பிக்குப் பின் தேயிலை வந்தது. காடு மேலும் குறைந்தது.

கூடலூர்க் காடுகள் பலவும் முற்காலத்தில் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்ம நிலங்கள். அவற்றில் மரங்கள் வெட்டப்படுவது கண்டு மனம் பொறாத அக்குடும்பத்தவர் ஒருவர், டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். காடு யாருடைய உடைமையாயினும் அது காடே. மைய அரசின் இசைவின்றி அதை வேறு பயனுக்கு மாற்றலாகாது என 1996 டிசம்பர் 12-ஆம் நாள் நீதிமன்றம் ஆணையிட்டது. தனி மனிதர் ஒருவரின் மனக்குமுறல் இந்தியா முழுமைக்குமான காவலாயிற்று. அவர் 2016-இல் மறைந்தார்.

எனினும் மறுபக்கத்தையும் நாம் மறத்தல் ஆகாது. ஓவேலியில் பழங்குடியினரும், தோட்டத் தொழிலாளரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும், கேரளத்திலிருந்து குடியேறியோரும் வாழ்கின்றனர். 1969-ஆம் ஆண்டின் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு நிலங்களின் உரிமை முடிவாகாததால், பல குடும்பங்கள் பட்டாவும் மின்விளக்கும் இன்றி நெடுங்காலம் வாடின. அந்திப் பொழுதில் யானைக்கு அஞ்சியே வீடு திரும்பும் தொழிலாளியிடம், காட்டைக் காப்போம் என்று மட்டும் சொன்னால் அவர் உள்ளம் ஏற்குமா? மாளிகையைக் காத்து லயத்து வீட்டை மறப்பதும், மரத்தைக் காத்து மனிதனை மறப்பதும் முழுமையான காவல் ஆகா. 1988-இல் கூடலூர்ப் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்கள் நில உரிமையைக் கேட்டனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, காட்டில் வாழ்வோருக்கே அதைக் காக்கும் உரிமையையும் அளித்துள்ளது. வாழ்வோர் கைகோக்காத காவல் நிலைக்காது என்பதை நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

நாம் செய்யக்கூடியது யாது? பெரிய சங்கமும் பெருநிதியும் வேண்டுவதில்லை. ஊருக்குப் பத்துக் குடும்பங்கள் கூடினால் போதும். பழைய பங்களா, பழைய லயம், பழைய பாலம் ஆகியவற்றைப் படமெடுத்து, முதியோர் சொல்லும் செய்திகளோடு எழுதி வைக்கலாம். ஓடைகளில் பிளாஸ்டிக் சேராமல் தடுக்கலாம். யானை வரும் வழிகளில் உணவுக் கழிவு கொட்டாதிருக்கலாம். தைலமரத்திற்குப் பதிலாகச் சோலைமரக் கன்றுகளை நடலாம். பட்டா இல்லாத அண்டை வீட்டாருக்காக மனு எழுதித் தருவதும் இதே பணியைச் சேர்ந்ததே.

நம் பிள்ளைகளுக்குப் பாத்திரமும் பண்டமும் சேர்த்து வைக்கிறோம். அவற்றோடு ஓர் ஓடையையும் ஒரு சோலையையும், அச்சமின்றி நடக்க ஒரு பாதையையும் விட்டுச்செல்வோமாக.