ஒரு கயிறும் ஒரு கல்லும்

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை மறுபடி வாசித்து முடித்த அதே வாரத்தில், சுற்றுச்சூழலும் நீர்வளமும் பயிலும் பொறியியல் மாணவர்கள் நடத்திய கருத்தரங்கு ஒன்றுக்குப் பார்வையாளனாகப் போக நேர்ந்தது. (கல்லூரியின் பெயர் வேண்டாம், தென்சென்னைதான்.) அடையாற்றின் வடிநிலப் பரப்பு முழுவதையும் கணினியில் வரைந்து, எவ்வளவு மழைக்கு எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்று வண்ணம் வண்ணமாகக் காட்டினார் ஒரு மாணவர். நல்ல உழைப்பு, ஐயமில்லை. தேநீர் இடைவேளையில் அவரிடம் கேட்டேன்: "தம்பி, உங்க விடுதிக் கிணத்துல இப்ப எத்தனை அடியில தண்ணி இருக்கு?" அவருக்குத் தெரியவில்லை. கிணறு இருக்கிறதா என்பதே தெரியவில்லை. "பாத்துச் சொல்றேன் சார்" என்றார்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரை அங்கே நிறுத்தியிருக்கும் மாணவர் மன்றங்களைப் பற்றித்தான் என் வருத்தம்.

நீரைப் பற்றிப் படிக்க இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சர்தார் படேல் சாலையின் ஒரு புறம் 1959இல் தொடங்கிய ஐஐடி. மறுபுறம் அண்ணா பல்கலைக்கழகம், 1794இன் நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த கிண்டி பொறியியல் கல்லூரியோடு. இரண்டிலும் நீர்வளத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் இத்துறை மாணவர் மன்றங்களில் நான் கண்டவரை, ஆண்டுக்கொரு கருத்தரங்கு, ஒரு வினாடி வினா, மார்ச் 22 உலக நீர் தினத்தில் ஒரு பேரணி, ஒரு சட்டை. ஜூன் மாதம் வந்தால் புதிய நிர்வாகிகள். போன ஆண்டு மன்றம் எதைக் கற்றதோ, அது போன ஆண்டுச் செயலாளரோடு அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது.

மாணவர் அமைப்பென்றால் இப்படித்தான் இருக்கும் என்பதை நான் ஏற்கமாட்டேன். பெசன்ட் நகர்க் கடற்கரையில் 1988 முதல் கடலாமைகளுக்காக இரவில் நடக்கும் மாணவர் கூட்டமைப்பு இருக்கிறதே! ஜனவரி பிறந்தால் நீலாங்கரையிலிருந்து மணலில் நடக்கிறார்கள். கூடுகளைக் கண்டு, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, எண்ணிக்கையைக் குறித்து வைக்கிறார்கள். அங்கும் மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நடை நிற்கவில்லை. பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை மிக எளியது. அதனாலேயே அது கைமாறுகிறது என்று நினைக்கிறேன்.

நீர்ப் பொறியியல் மாணவர்களுக்கும் அப்படியோர் எளிய வேலை காத்திருக்கிறது: கிணறு அளப்பது. கயிற்றின் முனையில் ஒரு கல், ஒரு குறிப்பேடு, மாதம் ஒருமுறை, அதே கிணறு.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடலோர மணலடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைக்கும். இந்த விதி அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆக, பெசன்ட் நகரில் கிணற்று மட்டம் 1 அடி இறங்குவது சின்ன விஷயமல்ல. தியாகராய நகரோ வேறு கதை. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை அது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடியில் களிமண் கனத்துக் கிடக்கும் இடத்தில், மணற்பாங்கான ஊருக்குத் தோண்டுகிற ஆழமற்ற குழி நீரை உள்ளே விடாது. களிமண்ணைத் துளைத்துக் கீழே மணல் வரை போகவேண்டும். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமானது. எல்லா வீட்டின் அடியிலும் மண் ஒன்றாக இல்லை. எத்தனை குழிகள் வேலை செய்கின்றன, எத்தனை சான்றிதழுக்காகத் தோண்டி மூடப்பட்டவை என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்க்க மாணவர்களை விடப் பொருத்தமானவர் யார்?

முன்னே போனவர் ஒருவர் உண்டு. இயற்பியல் படித்த சேகர் ராகவன் 1990களில் பெசன்ட் நகரில் வீடு வீடாக ஏறி இறங்கினார்; 2002இல் மந்தைவெளிப் பக்கம் 'மழை இல்லம்' எழுந்தது. ஒரு தனி மனிதர் செய்ததைச் செய்ய, ஆண்டுதோறும் புதுக் கால்கள் வந்துசேரும் மன்றங்களுக்கு என்ன தடை?

தடைகள் உண்டுதான். வேலைவாய்ப்பு நேர்காணல், பாடச்சுமை எல்லாம் அறிவேன். அரசின் கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, ஆனால் ஒரு வட்டாரத்தின் போக்கைச் சொல்லும் கிணறு, அடுத்தடுத்த இரண்டு தெருக்களின் வேறுபாட்டைச் சொல்லாது. 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை பிடித்தன. நாவலின் ஜமுனா அந்த வரிசையில் நின்றிருந்தால் வியந்திருக்கமாட்டாள். நடுவிலிருந்த மூன்றரை ஆண்டுகளில் அந்த வெள்ளத்தில் எவ்வளவு நம் தெருக்கிணறுகளில் தங்கிற்று, எந்த மாதம் இறங்கத் தொடங்கிற்று? ஒரு மன்றத்தின் குறிப்பேடு இருந்திருந்தால் இன்று புரட்டிப் பார்க்கலாம்.

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டுக் கிணற்றுச் சுவரின் உட்புறம் வீட்டுக்காரம்மா கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். பொங்கலுக்கு ஒன்று, ஆடிப்பெருக்குக்கு ஒன்று. அளவெடுக்க யாராவது வந்தால் கோடுகளுக்கு விளக்கம் சொல்ல அவர் தயாராக இருக்கிறார். காலையில் பத்து மணிக்கு மேல் வரவேண்டும், அதற்குமுன் மோட்டார் ஓடும்.